நன்றாகத் தூங்கியதில் வந்த சந்தேகம்

1

போன வாரம் இருமல் மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே நிற்கும் பெண்மணி என்னைப் பார்த்ததும் சிரித்து, "ரொம்ப நாளாகக் காணோமே?" என்று கேட்டார். நான் மருந்து வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். யார் இவரைக் கேட்கச் சொன்னது? டாக்டரா? என் வீட்டுக்காரர் ஜோசப் போன் செய்து சொல்லியிருப்பாரா? பஸ் நிறுத்தம் வரை இதையே மென்றுகொண்டு நடந்தேன். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருத்தி ஒரு வருடமாக வரவில்லையென்றால் கடையில் இருப்பவர் கேட்கத்தானே செய்வார் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் மருந்தை வாங்கிக்கொண்டேன். அவர் மறுபடியும் சிரித்தார். இந்த முறை நானும் சிரித்து வைத்தேன்.

கொரட்டூரில் பிறந்து, ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டும் வேலை பார்க்கிறேன். பென்சோடயாசெபைன் என்று ஒரு வகை மாத்திரை உண்டு. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தருவது. நம் பக்கம் 'நரம்பு மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். என் மகள் லீனா பிறந்த புதிதில், காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கவே பயந்து கிடந்த நாட்களில் இங்கிருந்த வயதான டாக்டர் ஒருவர் எனக்கு அதை எழுதிக் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்கு" என்றார். அந்தக் கொஞ்ச நாளில் லீனா பள்ளிக்கூடம் சேர்ந்தாள், பெரியவளானாள், என்னைவிட உயரமானாள்.

அதை நிறுத்தி இந்த இலையுதிர் காலத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஒரு வருடம் ஆனதை இங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. கேக் வெட்டுகிற விஷயமா இது? அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் ஒருவர் வீட்டு பீரோவிலாவது அந்த அட்டை இருக்கும் என்பது என் சந்தேகம்.

2

வயதான டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு வந்த இளம் டாக்டர் என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "இதை நாம் அப்ஸெட்ஸன் பண்ண வேண்டும்" என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். காலையில் ஜோசப் என்னை வேலைக்கு இறக்கிவிடுகிறேன் என்று சொல்லும்போது அதைத்தான் சொல்வார். டாக்டர் எதற்கு என்னைக் காரில் இறக்கிவிட வேண்டும்? "பரவாயில்லை, நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்வேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். மருந்தை நிறுத்துவதற்கும் அதே சொல்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு லீனா விளக்கினாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான். எனக்கு வந்தது வேறு கண்ணீர்.

ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வலிப்பு வரை கொண்டு போய்விடும் என்று அந்த டாக்டர் பல மாதங்களுக்குப் பிரித்து, துளித் துளியாகக் குறைத்தார். அதற்கும் ஒரு ஜெர்மன் சொல் இருக்கிறது. பூனை நடை போட்டு நழுவுவதைச் சொல்கிற வார்த்தையிலிருந்து வந்தது. மாத்திரை அப்படித்தான் நழுவிப் போனது. போகிற போக்கில் வீட்டில் இருந்ததை எல்லாம் சுருட்டிக்கொண்டு போனது.

கண் விழிக்கும்போதே வயிற்றில் ஒரு பயம் எழுந்து உட்கார்ந்திருக்கும். எதைப் பற்றிய பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தட்டுகள் உரசும் சத்தம் மண்டைக்குள் கேட்கும். தோலுக்கு அடியில் கரண்ட் ஓடும். மதியத்துக்கு மேல் பயம் வடிந்தால் அந்த இடத்தில் இருட்டு வந்து நிறையும். தலை வாருவது ஒரு மலை ஏறுவதாக இருக்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது சந்தேகம். வேலை இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால் என்னைப் பற்றித்தான். லீனாவும் ஜோசப்பும் ஜெர்மனில் வேகமாகப் பேசினால் எனக்குப் புரியக்கூடாது என்றுதான். ஒரு நாள் லீனாவின் போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தபோது அவளே வந்துவிட்டாள்.

"மாமா, நீ என்ன பண்ற?" என்றாள். இந்த ஊர்க் குழந்தைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடும்.

"நீ என்னை வீடியோ எடுக்கிறியான்னு பார்த்தேன்."

அவள் கோபப்படவில்லை. போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய், முதல் முறையாகக் கதவைப் பூட்டிக்கொண்டாள். அந்தப் பூட்டுச் சத்தம் எந்தத் தட்டுச் சத்தத்தையும்விட எனக்குப் பெரிதாகக் கேட்டது.

டாக்டரிடம் சொன்னேன். "மூளை மாத்திரை இல்லாமல் வாழப் பழகிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் வந்தால், ஆதாரம் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் பேசுவது உங்கள் நரம்பு, மனிதர்கள் இல்லை" என்றார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஆதாரம் இல்லை, விடு. ஆதாரம் இல்லை, விடு. அந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் என் ஜெபமாலை.

3

இந்த வருடம் தவக்காலத்தில் கொரட்டூருக்குப் போனேன். அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசை. போன வருடம் அம்மா இறந்தபோது மாத்திரை குறைந்துகொண்டிருந்த நேரம். விமானத்தில் ஏற உடம்பு இடம் கொடுக்கவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தேன். கடைசி இரண்டு வருடமும் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டது என் தங்கை ஜெசிந்தா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள், அம்மாவுக்காக அதை விட்டாள். பிள்ளைகள் இல்லை. அவள் புருஷன் அன்பு அதே எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான்.

ஜெசி ஸ்டேஷன் பக்கத்திலேயே காத்திருந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "இன்னாக்கா இப்பிடி எலும்பாயிட்ட? அந்த ஊர்ல சோறே போட மாட்டாங்களா?" என்றாள். இவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆதாரம் இல்லை, விடு.

வந்த வாரத்தில் திருவேற்காட்டில் இருக்கும் என் பள்ளித் தோழியைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழக்கமாக நேராகப் போகிற வண்டி, ஒரு இடத்தில் சட்டென்று சந்துக்குள் திரும்பியது. வண்டியில் அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன்.

டிரைவர் பிரேக் அடித்துத் திரும்பினார். "இன்னாக்கா ஆச்சு?"

"ஏன் இந்த வழியா போறீங்க?"

"அந்தாண்ட ரோட்ட நோண்டி வெச்சிகீறானுங்கக்கா. அதான் சுத்திகினு போறேன். நான் இன்னா உன்ன கடத்திகினா போவப் போறேன்?"

அவர் சொன்னதை நம்பாமல் இறங்கி, வெயிலில் நடந்து போய்ப் பார்த்தேன். ரோடு தோண்டித்தான் கிடந்தது. மண்மேட்டின் முன் நின்றபோது அவமானத்தில் அழுகை வந்தது. தோழி வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்து ஜெசியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரையை விட்டது, அதற்குப் பிறகான பயம், இருட்டு, தூக்கமே இல்லாத இரவுகள். அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்த மாத்திரைய போட்டா இதெல்லாம் நின்னுடுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நின்னுடும். ஆனா மறுபடி போடவே கூடாது."

"உம்" என்றாள்.

4

அன்றிலிருந்து நான் நன்றாகத் தூங்கினேன்.

இதை எழுதும்போதே கை தயங்குகிறது. நல்ல தூக்கம் என்பது கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய விஷயம். நானும் சொன்னேன். ஊர்க் காற்று, தங்கை கைச் சமையல், சாயங்காலம் ஏரிக்கரையில் நடை என்று ஒவ்வொன்றாகக் காரணம் அடுக்கினேன். ஜோசப்புக்குப் போன் செய்து, "நான் ஏன் முன்னாடியே வரலை?" என்றேன். அவர், "அப்போ இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்றார். ஏன் இருக்கச் சொல்கிறார்? வீட்டில் நான் இல்லாதது நிம்மதியாக இருக்கிறதா? விடு.

ஆனால் அந்தத் தூக்கத்தில் கனவே வரவில்லை. காலையில் நாக்கு தடித்திருந்தது. மாடிப்படியில் கால் வைக்கும்போது படி கொஞ்சம் தள்ளி இருப்பது போல இருந்தது. மனது அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னை உறுத்தியது. ஈரத்துணியைப் போர்த்தியது போல, எல்லாச் சத்தத்தையும் ஒரு கை தூரத்தில் நிறுத்தி வைக்கிற அமைதி அது. அதோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். கூட்டத்தில் பழைய புருஷனின் முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, அப்படி.

ஜெசி தினமும் காலையில், "தூங்குனியாக்கா?" என்று கேட்பாள். தூங்கினேன் என்றால் முகம் மலரும், அளவுக்கு மீறி மலரும். சமையலறையில் அன்புவோடு குசுகுசுவென்று பேசுவாள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அம்மா படுத்திருந்த அறையில் ஒரு பீரோ இருந்தது. நான் அந்தப் பக்கம் போனால், "அக்கா, உனக்கு இன்னா வேணும், நான் எடுத்துத் தரேன்" என்று முந்திக்கொள்வாள். சாயங்காலம் அவள் போட்டுத் தரும் பாதாம் பாலை நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள். லேசாகக் கசந்தது. "பாதாம் தோலு சரியா உரியல" என்றாள்.

இத்தனையும் ஆதாரம் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் லீனாவின் போனிலும் ஷேர் ஆட்டோவிலும் எனக்கு இதே அளவு ஆதாரம் இருந்தது! பெற்ற மகளைச் சந்தேகப்பட்டேன், இப்போது எனக்காகப் பால் காய்ச்சுகிற தங்கையைச் சந்தேகப்படுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அம்மாவின் பூசையன்று, கோவிலில் முழங்காலில் நின்று, ஜெசியைப் பற்றித் தப்பாக நினைத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை நினைத்து நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

பூசை முடிந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம். அன்பு அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டான். ஹாலில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். ஜெசி இரண்டு டம்ளரில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்பு டிவியைப் பார்த்தபடியே கையை நீட்டி, என் பக்கம் இருந்த டம்ளரை எடுத்தான்.

"ஐயோ, அது வேணாங்க! அத வெயிங்க!"

ஜெசி சமையலறை வாசலில் இருந்து ஓடி வந்தாள். அன்பு டம்ளரை வாயருகே வைத்தபடி விழித்தான்.

"பால்தானடி?"

"வெயிங்கன்னா வெயிங்க! அது அக்காது."

அவன் டம்ளரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு அவளை. மெதுவாகக் கீழே வைத்தான். அவன் முகத்தில் இருந்தது பயம். அவனுக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது என்று இப்போது நம்புகிறேன். அன்றைக்கு அதையும் நம்பவில்லை.

நான் அந்த டம்ளரை எடுத்து ஜெசியிடம் நீட்டினேன். "அப்போ நீ குடி."

அவள் குடிக்க மாட்டாள், அழுவாள், உண்மையைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஜெசி டம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

"என்ன போட்ட?"

"அம்மாவோட நரம்பு மாத்திரை. அரைதான் போட்டேன்க்கா. அம்மாவுக்குத் தூக்கம் வராதப்ப டாக்டரு குடுத்தது. மீந்து கெடந்துது."

"எத்தனை மாசம் செத்துச் செத்து அதை விட்டேன்னு உன்கிட்ட சொன்னேனே! சொல்லியுமா போட்ட?"

"நீ சொன்னதாலதான் போட்டேன்! எங்கண்ணு முன்னாடி நீ துடிக்கிற. ஒரு அரை மாத்திரைல நிக்கிற துடிப்பு. நான் பாத்துகினு சும்மா இருக்கணுமா?"

"நான் வேலை பார்க்கிற இடத்துல ஒரு கிழவிக்குத் தெரியாம மாத்திரையப் பொடிச்சுக் குடுத்தா போலீஸ் வரும், தெரியுமா?"

"இது உன் வேலை செய்யற எடம் இல்லக்கா. ஊடு."

நான் அறைக்குள் போய்ப் பெட்டியை இழுத்துத் துணிகளை அள்ளிப் போட்டேன். முத்தாபுதுப்பேட்டையில் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு இருக்கிறது, விடிந்ததும் அங்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். கோபத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷம் இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை. எனக்குப் பைத்தியம் இல்லை. நான் சந்தேகப்பட்டது சரி.

அந்தச் சந்தோஷத்தோடு இன்னொரு பயமும் வந்தது. இது ஒன்று சரியென்றால், நான் விட்டுவிட்ட மற்ற சந்தேகங்கள்? ஜோசப்? லீனா? வேலை இடத்தில் இருப்பவர்கள்? ஜோசப்புக்குப் போன் செய்து, "நீங்கதான் ஜெசிகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவர் அங்கே டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "பார்த்துக்கோன்னு சொன்னேன். மாத்திரை குடுன்னு சொல்லலை" என்றார். அதை நம்புகிறேன். ஒரு ஓரம் மட்டும் இன்றுவரை நம்பாமல் நிற்கிறது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

6

காலையில் பெட்டியோடு ஹாலுக்கு வந்தபோது ஜெசி ஏற்கனவே பாத்திரங்களைத் தேய்த்து முடித்து, வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்கமில்லாத ஒருத்தி அந்த மாத்திரையில் பாதியை விழுங்கினால் காலையில் இப்படி எழுந்து குனிந்து வாசல் கழுவ மாட்டாள். நேற்று அவள் குடித்த வேகம் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒண்ணும் ஆவாது என்று சொன்னாளே, அதை வீறாப்பு என்று நினைத்திருந்தேன்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. மீந்த மாத்திரை ஒரு வருடமாகவா மீந்துகொண்டே இருக்கும்?

அன்பு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன். "ஜெசி மாத்திரை போடறாளா?"

துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். "நீங்களே கேளுங்கக்கா. நான் கேட்டா சண்டதான் வருது. நீங்க வரீங்கன்னதும், பெரியவங்க, கேப்பாங்கன்னு நெனச்சேன். வந்தப்புறம் பாத்தா…" என்று நிறுத்திக்கொண்டான். பார்த்தால் நானே ஆட்டோவில் கத்திக்கொண்டிருந்தேன். சமையலறைக் குசுகுசுப்பு என்னைப் பற்றியது இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் மாத்திரைக்காகச் சத்தமில்லாமல் போட்ட சண்டை அது.

ஜெசி மாடியில் துணி காயவைக்கப் போனபோது பின்னாலேயே போனேன்.

"எப்போலருந்து?"

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. ஈரப் பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். "அம்மா இருக்கும்போதே. அம்மா ராவெல்லாம் கத்தும். அதுக்கு ஒண்ணு குடுத்துட்டு, நான் ஒண்ணு. அது தூங்குற நேரத்துலதான் நானும் தூங்கணும், இல்லன்னா எப்பக்கா தூங்குறது? அம்மா போனப்புறம் உட்டுடலாம்னு பாத்தேன். ரெண்டு நாள் வுட்டேன். செவுத்துல பூச்சி ஓடுறா மாதிரி தெரிஞ்சிது. அன்பு வேற எவளோடயோ பேசுறார்னு தோணிச்சு. அவர் போன ஒடச்சிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? உன்கிட்டயா? அடக்கத்துக்கே வர முடியலன்னு நீ அழுதுகினு கெடந்த." அடுத்த துணியை எடுத்தாள். "ஒண்ணு போட்டேன், எல்லாம் நின்னுச்சு. தீந்துதுன்னா அம்மாவோட பழைய சீட்டக் காட்டி வாங்கிக்குவேன். அதான் உனக்கும் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதான்க்கா."

பீரோ, நடுங்கிய கை, நின்றுபோன பேச்சு. நான் கண்டது எல்லாம் உண்மை. ஒரு மாதமாக அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தேன், இது என்னை என்ன செய்யப் போகிறது என்று மட்டும் பார்த்தபடி. என் எதிரே நின்றவள் நான் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்ன ஆகிறாள் என்று ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை.

வாளியில் இருந்த மீதித் துணியை நான் எடுத்துக் காயப் போட்டேன். கோபம் போய்விடவில்லை. கோபத்தோடுதான் கிளிப் மாட்டினேன்.

7

அடுத்த வாரம் இருவரும் ரயில் ஏறி அம்பத்தூரில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கப் போனோம். சின்ன கிளினிக். பெயர் எழுதும் பெண், "பேஷண்ட் யாரு?" என்றாள். நான் ஜெசியைக் காட்டினேன். அதே நேரம் ஜெசி என்னைக் காட்டினாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். ஜெசியும் சிரித்தாள். காத்திருந்தவர்கள் இதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். எனக்குச் சில வாரங்கள்தான் உள்ளே போயிருக்கிறது, மெதுவாகக் குறைத்து விட்டுவிடலாம், ஆரம்பத்துக்குப் போய்விட்டதாகப் பயப்பட வேண்டாம் என்றார். ஜெசிக்கு நீளமான வேலை இருக்கிறது என்றார். ஜெசி உடனே, "இன்னையோட வுட்டுடறேன் டாக்டர், சாமி சத்தியமா" என்றாள்.

"சத்தியமெல்லாம் வேண்டாம். சட்டுனு விட்டீங்கன்னா ஃபிட்ஸ் வரும். நான் சொல்ற மாதிரி குறைங்க. அட்டை உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கட்டும்."

"அப்ப என்னை நம்பலையா டாக்டர்?"

"இந்த விஷயத்துல யாரையும் நம்ப மாட்டேன். நாளைக்கு எனக்கே வந்தாலும் என்னை நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

மறுபடியும் குறைக்க ஆரம்பித்ததும் என் உடம்பு பழைய கூத்தைக் காட்டியது. இந்த முறை ஒரு வித்தியாசம். காலையில் வயிற்றில் பயத்தோடு எழுந்து வந்தால் ஹாலில் இன்னொருத்தியும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பேச மாட்டோம். காபி போடுவோம். வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரை வரை நடந்து திரும்புவோம். சில நாள் பாதியில் உட்கார்ந்துவிடுவோம்.

அதற்காக நான் அதிகமாகத் தங்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் விடுப்பை நீட்டிப்பது தனிக் கதை. அம்பத்தூர் டாக்டரின் சான்றிதழை வேலையிடத்துக்கு அனுப்பினேன். மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். மொழிபெயர்த்து அனுப்பினேன். முத்திரை தெளிவாக இல்லை, உண்மையில் நோய்தானா, எந்த நோய் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை எழுதியவர் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர். ஆனால் அவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு. 'நரம்புத் தளர்ச்சி' என்று போடலாமா என்று ஜோசப் தயங்கினார். உள்ளதை அப்படியே எழுதச் சொன்னேன். கடிதத்தை நல்ல ஜெர்மனில் எழுதிக் கொடுத்தது லீனா. அனுப்புவதற்கு முன் போனில் படித்துக் காட்டினாள். என் அம்மா, மருந்தை நிறுத்தியதால் வந்த பதற்றம், மனச்சோர்வு என்று அவள் தடங்கலில்லாமல் வாசிக்க வாசிக்க, இந்தப் பெண் இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

"உனக்கு என் மேல கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா" என்றாள். "ஆனா அது வேற ஃபைல்."

8

இப்போது இங்கே மரங்கள் மொட்டையாகிக்கொண்டிருக்கின்றன. வேலைக்குப் போகிறேன். நல்ல நாட்கள் அதிகம், கெட்ட நாட்களும் உண்டு. கெட்ட நாளில் சந்தேகம் வந்தால், இப்போது ஆதாரத்தை மட்டும் தேடுவதில்லை. போய்க் கேட்டுவிடுகிறேன். கேட்பது அசிங்கமாக இருக்கிறது. கேட்காமல் மனதில் சேர்த்து வைப்பது அதைவிட அசிங்கம் என்று கண்டுகொண்டேன். சில சமயம் பதிலையும் சந்தேகப்படுகிறேன். லீனா அறைக் கதவை இப்போதும் சாத்திக்கொள்கிறாள், பூட்டுவதில்லை. அதற்கு வயதுதான் காரணம் என்று ஜோசப் சொல்கிறார். இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெசி வீடியோவில் வருவாள். அவள் மாத்திரை இப்போது கால் அளவுக்குக் குறைந்திருக்கிறது. பழைய கம்பெனியில் மறுபடி கேட்டுப் பார்த்திருக்கிறாள். நேற்று வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்புகிட்ட குடுக்காம ஒரு அட்டய அரிசி டப்பாவுக்குக் கீழ வெச்சிருந்தேன். ஒண்ணுகூட பிரிக்கல. காலைல எடுத்துக் குடுத்துட்டேன்."

"நிஜமா பிரிக்கலையா?"

"நம்பலன்னா அவரயே கேளு."

"போனை அவர்கிட்ட குடு."

அன்பு வந்து, முழு அட்டை, ஒன்றும் பிரிக்கவில்லை என்று காட்டினான். "இந்த அக்கா இருக்குதே…" என்று ஜெசி பின்னால் முனகினாள். பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டு, "என்னைய இவ்ளோ கேக்கற இல்ல? உன் பைய எடு. கொட்டிக் காட்டு" என்றாள்.

கைப்பையை எடுத்து மேஜையில் கவிழ்த்தேன். பஸ் அட்டை, கைக்குட்டை, சாவிக்கொத்து, சீப்பு, வேலையிடத்து அடையாள அட்டை. கொரட்டூரில் இருந்து அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

"அந்தத் தகர டப்பா இன்னாது?"

"புதினா மிட்டாய்."

"தொறந்து காட்டு."

திறந்து காட்டினேன்.

"ஒண்ண வாய்ல போடு, பாக்கலாம்."

போட்டேன். கடித்து, நாக்கை நீட்டியும் காட்டினேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி, அன்புக்குத் தோச ஊத்தணும்" என்று எழுந்து போனாள்.